ஓட்டம் ரத்தத்தில் இருக்கிறதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "முப்பந்தலில் காற்றாலை வேலை பார்க்கிறாய், காற்றாலை பற்றிப் பேசு" என்றார். நானும் சரி என்றேன். ஆனால் இரண்டு மாதத்திற்கு முன்பு வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் தலைப்பை மாற்றிவிட்டது. நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். விளையாட்டு விழாவுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை ஓடவிட்டு, "உனக்கு ஓட்டம் வராது, நீ கோலத்துக்குப் பேர் கொடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, சில பேரு மட்டும் எப்படிப்பா வேகமா ஓடுறாங்க?"

நானும் பொறியாளர்தானே, இதுக்குக்கூடப் பதில் சொல்லத் தெரியாதா என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்று முதல் படித்ததையும் யோசித்ததையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். நான் மருத்துவனும் இல்லை, உடற்பயிற்சி ஆசிரியனும் இல்லை. ஓடிப் பார்த்துத் தோற்றவன், அந்தத் தகுதி மட்டும் உண்டு.

தோற்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு விளையாட்டு விழா, 400 மீட்டர். எனக்கு வடசேரிப் பக்கம் வீடு. காலையில் அண்ணா விளையாட்டரங்கத்தில் நாலு சுற்று ஓடிவிட்டு வருவேன். புது ஷூ வேறு. நாம்தான் முதல் என்று நினைப்பு. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் ஒருவன் வெறுங்காலோடு வந்து நின்றான். நான் கடைசி வளைவில் திரும்பும்போது அவன் கோட்டைத் தாண்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "எப்படி மக்கா?" என்று கேட்டேன். "கரைமடி இழுத்த காலு மக்கா, மணல்ல ஓடிப் பழகினவனுக்கு இதெல்லாம் சிமெண்டுத் தரை மாதிரி" என்றான். அருகில் நின்ற சீனியர் அண்ணன் ஒருவர், "அவனுக்கு அது ரத்தத்துல இருக்குலே" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கும் ஆறுதலாக இருந்தது. ரத்தத்தில் இருக்கிறது என்றால் என் மேல் குற்றம் இல்லை அல்லவா?

அந்தத் தோழன் பெயரைச் சொல்லமாட்டேன். கல்ஃபிலிருந்து விடுப்பில் வந்து இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். சொன்னால் எழுந்து ஓடிவிடுவான். ஓடினால் நம்மில் யாராலும் பிடிக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓட்ட வேகம் என்பது கணக்கில் மிக எளிது. ஒரு அடியின் நீளத்தை, ஒரு வினாடிக்கு எத்தனை அடி என்பதால் பெருக்கினால் வேகம். 2009ஆம் ஆண்டு பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அவருக்கு ஆனது 41 அடிகள். மற்ற முன்னணி ஓட்டக்காரர்கள் பொதுவாக 44, 45 அடி வைப்பார்கள். போல்ட்டின் உயரம் 1.95 மீட்டர். அப்படியானால் உயரமானவன்தான் வேகமாக ஓடுவானா? நம் வகுப்பில் உயரமானவன் எவன், அவன் ஓட்டத்தில் எத்தனையாவது வந்தான் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வரும்.

காலை வேகமாக வீசுகிறவன்தான் வேகமாக ஓடுகிறான் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2000ஆம் ஆண்டில் பீட்டர் வேயண்ட் என்பவரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதவர் முதல் 40 கிலோமீட்டரைத் தொடுகிறவர் வரை 33 பேர். ஓடும் பட்டையின் அடியில் விசையை அளக்கும் கருவி. கிடைத்த முடிவு பலருக்கு ஆச்சரியம். உச்ச வேகத்தில் காலைக் காற்றில் முன்னே கொண்டுவர ஆகும் நேரம் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கத் தரையில். வேகமானவர் தரையை அதிக விசையோடு மிதிக்கிறார், அதுவும் மிகக் குறைந்த நேரத்தில்.

எவ்வளவு குறைந்த நேரம்? உலகத்தரமான ஓட்டக்காரரின் பாதம் உச்ச வேகத்தில் தரையைத் தொட்டிருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இமைப்பொழுதில் உடல் எடையைப் போல நான்கு மடங்கு விசை வரை ஒற்றைக் கால் தாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். 70 கிலோ ஆள் என்றால் 280 கிலோ. நெல் மூட்டை சுமந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வெறும் பலம் இருந்தால் போதாது, அந்தப் பலம் கண் இமைப்பதற்குள் வெளியே வரவும் வேண்டும். பளு தூக்குகிற எல்லோரும் வேகமாக ஓட முடியாததன் காரணம் இதுதான்.

அந்தச் சடுதியான பலம் எங்கிருந்து வருகிறது? இதற்கு நாம் மீன் சந்தைக்குப் போக வேண்டும். சூரை மீனை வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு சதை இருக்கும். சிலர் அதை ஒதுக்கிவிடுவார்கள். வாவலை வெட்டினால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். சூரை நிற்காமல் கடல் கடலாக நீந்துகிற மீன். அதற்கு நெடுநேரம் உழைக்கும் சதை வேண்டும். ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் பொருள் நிறைந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. வெள்ளைச் சதை சட்டென்று ஒரு பாய்ச்சல் பாயும், சீக்கிரம் களைத்துவிடும். கோழியில் காலும் நெஞ்சும் வேறு நிறமாக இருப்பதும் இதே கதைதான்.

மனிதனின் தொடையிலும் இரண்டு வகை இழைகளும் கலந்தே இருக்கின்றன. மெது இழைகள் நெடுந்தூரத்திற்கு, வேக இழைகள் பாய்ச்சலுக்கு. சாதாரண ஆளுக்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 100 மீட்டர் ஓடுகிறவர்களிடம் வேக இழைகள் அதிகம், மாரத்தான் ஓடுகிறவர்களிடம் மெது இழைகள் அதிகம். இந்தக் கலவையில் சுமார் பாதி பிறப்பில் வருவது, மீதி வாழ்க்கையும் பயிற்சியும் தருவது என்பது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் கணக்கு.

அப்படியானால் சீனியர் அண்ணன் சொன்னது பாதி சரிதான். பிறப்பில் வருகிற பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. அதில் மிகப் பிரபலமான ஒன்றைச் சொல்கிறேன். வேக இழைகளில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர் ஆல்ஃபா ஆக்டினின் 3. உலகில் ஆறில் ஒருவருக்கு, ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதம் உடம்பில் உருவாவதே இல்லை. அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது, நன்றாகவே இருப்பார்கள். 2003ல் சிட்னி ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் விளையாட்டு வீரர்களைச் சோதித்தபோது, அவர்களில் ஒலிம்பிக் வரை போன வேக, வலு வீரர்களில் ஒருவர்கூட இந்தப் புரதம் இல்லாதவர் இல்லை. உடனே பத்திரிகைகள் 'வேக ஜீன்' என்று பெயர் வைத்துவிட்டன. சில நாடுகளில் பிள்ளைகளின் எச்சிலை எடுத்து, உங்கள் பிள்ளை ஓடுமா ஓடாதா என்று சொல்லுகிற வியாபாரமே தொடங்கிவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் ஸ்பெயின் நாட்டின் ஒலிம்பிக் நீளம் தாண்டும் வீரர் ஒருவரைச் சோதித்தார்கள். அவருக்கு அந்தப் புரதமே இல்லை! நீளம் தாண்டுவதும் பாய்ச்சல் வேலைதான். சாதாரணப் பிள்ளைகளை ஓடவிட்டு அளந்த ஆய்வில், வேக வித்தியாசத்தில் இந்த ஜீன் விளக்கியது 100ல் இரண்டு மூன்று பங்கு மட்டுமே. வேகத்தைத் தீர்மானிக்கும் ஜீன்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை உப்புதான். ஒரு சிட்டிகையை வைத்துக் குழம்பின் ருசியைச் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம் தொடக்கம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 வினாடிக்குள் காலை எடுத்தால் தவறான தொடக்கம் என்று கணக்கு. காது கேட்டு, மூளை சொல்லி, கால் அசைய அதைவிடக் குறைவாக ஆகாது என்பது விதி. பெர்லினில் போல்ட் எடுத்துக்கொண்டது 0.146 வினாடி. ஒலிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் வேகம். 400 மீட்டரில் வெளிப்பாதையில் நிற்பவர் 50 மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்பார். சத்தம் அவரிடம் போய்ச் சேருவதற்குள் 0.15 வினாடி போய்விடும். அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். காது கேளாதோர் போட்டிகளில் ஒளி விளக்கைக் காட்டித் தொடங்குகிறார்கள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தியைச் சொல்லாமல் போகக் கூடாது. கடையால் பகுதியைச் சேர்ந்த சமீஹா பர்வீன், செவித்திறன் குறைந்த நீளம் தாண்டும் வீராங்கனை. 2021ல் போலந்து நாட்டின் லூப்ளின் நகரில் நடந்த உலகக் காது கேளாதோர் தடகளப் போட்டிக்குத் தகுதி இருந்தும் அணியில் முதலில் இடம் கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே விமானம் ஏறினார். அவர் காலில் என்ன இழை, என்ன ஜீன் என்பதெல்லாம் இருக்கட்டும். அந்த நீதிமன்ற உத்தரவு வராமல் இருந்திருந்தால் அவர் தாண்டிய தூரம் பூஜ்யம்தானே?

இப்போது பி.டி. உஷாவுக்கு வருகிறேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 வினாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாரு 55.41. வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. உஷாவின் சராசரி வேகத்தில் அது ஏழு சென்டிமீட்டர், அதாவது நாலு விரற்கடை! இந்த நாலு விரற்கடை எங்கே போயிற்று? பிறப்பிலா? பையோளிக் கடற்கரை மணலில் பயிற்சி செய்த அந்தக் கால்களில் குறை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. உஷாவே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்: ஒலிம்பிக் கிராமத்தில் நமக்குப் பழக்கமான சாப்பாடு இல்லை, சத்துணவு கொடுப்பதற்கும் ஆள் இல்லை, அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் அது தெரிந்தது என்று. கஞ்சி நமக்கு அமிர்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 400 மீட்டரின் கடைசிப் பகுதியில் எல்லோருடைய வேகமும் இறங்கும். யாருக்குக் குறைவாக இறங்குகிறதோ அவரே ஜெயிக்கிறார். அதற்கு உடம்பில் சேமிப்பு வேண்டும்.

அந்த 55.42 இந்தியாவின் சாதனையாக 39 வருஷம் நின்றது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதைச் சமன் செய்தவர் யார் தெரியுமா? கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ். அதே 55.42, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். ஒரே வீடு, ஒரே வயிறு. இதைப் பார்த்து "ரத்தம்தான்" என்றும் சொல்லலாம். "ஒரே வீட்டில் இரண்டு பேரையும் ஓட அனுப்பிய பெற்றோர்தான்" என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. காற்றாலையில் இறக்கை நல்லதா, காற்று நல்லதா என்று கேட்பது போல. இறக்கை எத்தனை நல்லதாக இருந்தாலும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நட்டால் ஒரு விளைச்சல், காற்றில்லாத இடத்தில் நட்டால் வேறு விளைச்சல்.

காற்று என்றதும் ஒரு துணுக்கு. 100 மீட்டரில் பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனை செல்லாது. ஆடி மாதம் முப்பந்தலில் போட்டி வைத்தால் எல்லோரும் உலக சாதனை செய்யலாம். எதுவும் கணக்கில் வராது!

மணலைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். மிதிக்கிற மிதியில் ஒரு பகுதியை மணல் தின்றுவிடும். சின்ன வயதிலிருந்து கரைமடி இழுத்து, அந்த மணலிலேயே பந்து விளையாடிய என் தோழன் தினமும் என்னைப் போல ஒன்றரைப் பங்கு உழைத்திருக்கிறான். நான் அதை 'ரத்தம்' என்று எழுதிக்கொண்டேன்.

பள்ளி ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் அடுத்ததைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒன்பது முதல் பதினாலு வயது வரை பிள்ளைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரே வகுப்பில் ஜூன் மாதம் பிறந்ததும் அடுத்த மே மாதம் பிறந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பதினோரு மாத வித்தியாசம் அந்த வயதில் பெரிய வித்தியாசம். பருவம் முந்தி வருகிற பிள்ளை எட்டாம் வகுப்பில் எல்லோரையும் ஜெயிக்கும். மூன்று வருஷம் கழித்து மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடிப்பார்கள். ஆனால் அதற்குள் "வராது" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை கோலத்துக்குப் போயிருக்கும். கோலம் நல்ல கலைதான். அதை ஆசைப்பட்டுப் போட வேண்டும், தண்டனையாகப் போடக் கூடாது.

இனி நான் சொல்லத் தயங்கிய பகுதி. அந்த 400 மீட்டரில் ஜெயித்த என் தோழன் மண்டல அளவிலான போட்டிக்குத் தேர்வானான். போகவில்லை. கேட்டபோது, "காலுல முள்ளு குத்திட்டு மக்கா" என்றான். நாங்களும் நம்பினோம். போன வருஷம் அவன் விடுப்பில் வந்தபோது குளச்சல் கடற்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னான். அந்தப் போட்டி செயற்கை ஓடுபாதையில். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ வேண்டும் என்றார்களாம். அந்தச் சமயம் கடலில் மீன்பாடு இல்லை. வீட்டில் கேட்க மனசு வரவில்லை. எங்களிடம் கேட்க வெட்கம்.

நாங்கள் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். வாரக் கடைசியில் சினிமாவுக்கும் புரோட்டாவுக்கும் செலவழித்த காசில் அந்த ஷூ வந்திருக்கும். ஏன் நாங்கள் கேட்கவில்லை? அவனுக்குத்தான் ரத்தத்திலேயே இருக்கிறதே, ஷூ எதற்கு? தோற்றவனுக்கு "உனக்கு வராது" என்று சொன்னால் ஓட்டத்தை விட்டுவிடுவான். ஜெயித்தவனுக்கு "உனக்குத் தானாகவே வரும்" என்று சொன்னால் அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அவன் முதல் ஆளாக வந்திருப்பானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஓட்டம் நடக்கவே இல்லையே.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். முகப்பில் நினைவு வளைவு கட்டுவது என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். நானும் கை தூக்கியவன்தான். இன்று கையை இறக்கிக்கொள்கிறேன். முறையான 400 மீட்டர் ஓடுபாதைக்குச் சுமார் 4 ஏக்கர் வேண்டும், நம்மிடம் அவ்வளவு இல்லை. 200 மீட்டர் சுற்றுக்கு நம் மைதானத்தில் இடம் இருக்கிறது. செயற்கைப் பாதை கேட்கவில்லை, நல்ல மண்பாதை போதும். ஆனால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு மழை. வடிகால் இல்லாமல் மண் போட்டால் ஒரே வருஷத்தில் வயலாகிவிடும், நாற்று நடலாம். சிவில் படித்த அண்ணன்மார் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மட்டம் பார்த்து, சரிவு கொடுத்து, ஓரக் கால்வாய் வெட்டிக் கொடுங்கள். கூடவே பல அளவுகளில் பத்து ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ வாங்கி விளையாட்டு அறையில் வைப்போம். யாரும் யாரிடமும் கேட்டு வெட்கப்பட வேண்டாம், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். முதல் ஜோடிக்கான பணத்தைப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் எல்லோரும் உஷாவோ வித்யாவோ ஆகமாட்டீர்கள். பிறப்பு போடுகிற எல்லை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது ஓடிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். நம்மில் பெரும்பாலோர் அதற்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுவிடுகிறோம், அல்லது நிறுத்தப்படுகிறோம்.

என் மகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவ்வளவையும் அவளிடம் சொல்ல முடியுமா? "தரையை ஓங்கி மிதிக்கப் பழகணும் பிள்ளே, வா" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்குத்துறைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். இப்போது வாராவாரம் போகிறோம். அவள் வேகமாகிவிட்டாளா என்று தெரியவில்லை. நான் மெதுவாகிவிட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. போன வாரம் என்னை ஜெயித்துவிட்டாள்.